மரத்துப் போச்சு

திங்கட்கிழமை, ஜார்ஜ் டவுன், மூன்றாம் நீதிமன்றம்.
ஏர்கோனுக்கு நேர்கீழே தனபாக்கியம்,
வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு.
பிறையில் கையுறை செய்யும் ஆலை.
ஒரு ஷிப்டுக்குப் பத்தாயிரம் உறை, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.
அவளுடைய இரண்டு அங்கேயே நின்றுவிட்டன.

நான் மொழிபெயர்ப்பாளர். பதினெட்டு வருஷம்.
மூன்று மொழிக்கு நடுவே ஒரு நாற்காலி,
ஒரு தண்ணீர் பாட்டில்.

ஆலையின் வக்கீல் ஊய் ஆங்கிலத்தில் கேட்டார்:
சிவப்பு விளக்கு எரிந்ததா? ரிமெம்பர் பண்ண முடிகிறதா?
நான் தமிழில் கொடுத்தேன்.
"எரியலன்னு நினைக்கிறேங்க."
நான் மலாயில் கொடுத்தேன்: இங்ஙாட்.

இங்ஙாட் என்றால் நினைவிருக்கிறது.
இங்ஙாட் என்றால் அப்படித் தோன்றுகிறது.
பிள்ளை ரோட்டைத் தாண்டும்போது
இரண்டு தடவை சொன்னால், பார்த்துப் போ.
நீதிபதி பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.
எந்த இங்ஙாட்?

அதைச் சரிசெய்வதற்குள் அடுத்த கேள்வி.
அப்புறம் என்ன நடந்தது?
"மரத்துப் போச்சுங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

எங்கள் பினாங்கு வாயில்
சின்ன ரவும் பெரிய றவும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.
ஏர்கோன் வேறு இரைந்தது.
லூப்பா, என்றேன். மறந்துவிட்டது.
ஊய் எழுதிக்கொண்டார்.
எழுதியதற்குக் கீழே ஒரு கோடு.

மதியம் காருக்குள் நாசி கண்டார் பொட்டலம்,
மடியில் கைபேசி, கைபேசிக்குள் அகராதி.
தனபாக்கியத்தின் வக்கீல் யுகேந்திரன்
கண்ணாடியைத் தட்டிச் சொன்னான்:
"அக்கா, என் தொகுப்புரைக்கு ஒரு வரி கெடச்சிருச்சு.
மெம்பர்னா உறுப்பு.
ரிமெம்பர்னா அறுந்த உறுப்பை மறுபடி ஒட்டுறது."
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
அகராதி இல்லை என்றது.
அந்த மெம்பர் வேறு குடும்பம்.
இது லத்தீனில் மனத்தில் வைத்திருப்பவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.
இரண்டும் முகச்சாயல் மட்டும்,
சின்ன ர, பெரிய ற மாதிரி.

இன்னும் கீழே, பொடி எழுத்தில்,
தூரத்து உறவாக இருக்கலாம் என்று ஸ்மரணையைக் காட்டியிருந்தார்கள்.
ஸ்மரணை தமிழுக்கு நடந்து வந்து
காலும் தலையும் தேய்ந்து சுரணை ஆயிற்றாம்.
என் சித்தப்பா சோற்றுத் தட்டின் முன் வைத்து
"சூடு சுரணை இருக்கா உனக்கு" என்று கேட்பாரே,
அதே சுரணை.

அப்படியானால் மரத்த கையும் மறந்த மனசும்
வேரில் பக்கத்துப் பக்கத்து வீடு.
நான் சொன்னது அவ்வளவு தப்பில்லை.

ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கியது.
அடுத்த வாய் இறங்கவில்லை.
வேரைப் பார்த்து யாரும் நஷ்டஈடு தருவதில்லை.

இரண்டரை மணிக்கு எழுந்து நின்றேன்.
துவான், ஒரு திருத்தம்.
லூப்பா இல்லை, கெபாஸ்.
அவர் மறக்கவில்லை. அவர் கை மரத்துப்போனது.
ஊய் ஆட்சேபித்தார், மரியாதையாகத்தான்.
நீதிபதி என்னைப் பார்த்தார்.
காலையில் அவர் சொன்னது
உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?
பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை.
சாயா இங்ஙாட், துவான், என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

ஒத்திவைத்தார்கள், மார்ச் பதினொன்று.

நடைவழியில் தனபாக்கியம் பக்கத்தில் வந்தாள்.
"மறக்க விட்டாத்தானேங்க.
ராத்திரியில அரிக்குது, இல்லாத வெரலு.
எங்க சொறியறதுன்னு தெரியல."
இதற்கு மூன்று மொழியிலும் தேடினேன்.
ம், என்றேன்.

லிஃப்ட் பொத்தானுக்குக் கையை நீட்டினாள்.
முதலில் போனது இல்லாத விரல்.
பொத்தான் எரியவில்லை.
அப்புறம் கையைக் கொஞ்சம் திருப்பி
மோதிர விரல்.